மணி அடிக்கவில்லை

அப்பாவின் வலது கையைக் கீழே இறக்க மூன்று பேர் போராடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார். பிண வண்டி ஓட்டுநர் தோளை அமுக்கினார். பக்கத்து வீட்டு ஆடிட்டர் எதையும் தொடாமல் "மெதுவா, மெதுவா" என்று ஆலோசனை வழங்கினார். கை மசியவில்லை. உயிரோடு இருந்தபோதும் ஓங்கிய கையை அப்பா சும்மா இறக்கியதில்லை என்பது மகளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை அவர் தன் எழுத்தறையில் விழுந்தார். மேசைமேல் இருந்த அழைப்பு மணியை எட்டப் பார்த்திருக்கிறார். கை மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, மேல்நோக்கி நின்றபடியே விறைத்துவிட்டது.

இரண்டு அட்டைப்பெட்டிகளோடு பதிப்பாளர் உள்ளே வந்தார். கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தவர், கையைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"இறக்காதீங்க, இறக்காதீங்க! ஆசி வழங்குற மாதிரியே இருக்கு பாருங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

எடுத்தார். பிறகு பெட்டியைக் கிழித்து முதல் பிரதியை அப்பாவின் மார்பில் வைத்தார். 'குளிர்ந்த நெஞ்சம்: கோபத்தை வெல்ல நாற்பது படிகள்.' பின்னட்டையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். 'முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் ஒரு சுடுசொல் உதிர்த்தறியாதவர்' என்று படத்துக்குக் கீழே இருந்தது. அது ஒருவகையில் உண்மைதான். சொல்லோடு நின்றுகொள்ளும் ஆள் இல்லை அவர்.

"நேத்து அந்த அறையில வெளியீட்டு விழா ஏற்புரைதான் எழுதிட்டிருந்தாராமே?" என்றார் பதிப்பாளர். "ஹால் சொல்லியாச்சும்மா. விழாவை அஞ்சலியா மாத்திக்கலாம். உங்கம்மா ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

அம்மா அப்பாவின் தலைமாட்டில், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் எழுதப்பட்டதும் அதே முக்காலியில்தான். அப்பா அறைக்குள் நடந்தபடி சொல்வார், அம்மா எழுதுவாள். ஒரு வாக்கியம் விட்டுப்போனால் ரூல்தடி விரல்முட்டியில் இறங்கும். சொல்லி முடித்ததும் அவளை வெளியே அனுப்பிவிட்டு யோசிப்பார். மணி அடித்தால்தான் திரும்ப உள்ளே போக வேண்டும். ஒரே ஒருநாள், டீ ஆறிப்போகிறதே என்று அம்மா மணிக்குக் காத்திராமல் கதவைத் திறந்தாள். அப்பா அந்தக் கதவை அவள் கைமேலேயே அறைந்து சாத்தினார். வலது சுண்டுவிரல் முறிந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது பதினெட்டாவது படி, 'பொறுமை'. பத்தொன்பதாவது படியிலிருந்து அம்மா இடக்கையால் எழுதினாள்.

பதிப்பாளர் புத்தகத்தை நடுவில் விரித்து அம்மாவிடம் நீட்டினார். கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கத்தை அப்படியே படமாக அச்சிட்டிருந்தார்கள்.

"எங்க யோசனைம்மா. ஆசிரியரோட சொந்தக் கையெழுத்து. இருபதாம் படி, மன்னிப்பு. இங்க வரும்போது எழுத்து எப்படி நடுங்குது பாருங்க! மனுஷன் உருகியிருக்கார்."

அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா. அப்ப ரொம்ப வலி" என்றாள்.

"ஆகா! இதைத்தான் மேடையில சொல்லணும்" என்று பதிப்பாளர் குறித்துக்கொண்டார்.

அதற்குள் சித்தப்பா ஒரு பிரதியை எடுத்து நன்றிப் பக்கத்தைப் புரட்டியிருந்தார். ஆடிட்டர் பெயர் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பெயர் இருந்தது. சித்தப்பாவின் பெயர் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை விரல் வைத்துத் தேடினார். மூன்றாவது தடவை அவர் துக்கம் வேறு திசையில் திரும்பியது.

"அண்ணி, காலைல பத்து மணிக்கு விழுந்திருக்கார்ங்கறார் டாக்டர். எங்களுக்கு நீங்க போன் பண்ணினது ராத்திரி ஏழு மணிக்கு. வீட்ல நீங்கதான இருந்தீங்க? சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

ஆடிட்டர்கூட ஆலோசனையை நிறுத்தினார்.

"கேட்டும் போகலையா?"

"மணி அடிக்கலையே. எதையோ தூக்கி எறியறார்னு நெனச்சேன்."

நேற்று மாலை மகள் வேலை முடிந்து ஆறரைக்கு வந்தபோது, அம்மா ஆறிய டீயை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் இதே முக்காலியில் இருந்தாள். மகளும் உடனே கதவைத் திறக்கவில்லை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் அரைமணி நேரம் நின்றாள்.

"நானும்தான் திறக்கல சித்தப்பா" என்றாள் இப்போது. "பழக்கம்."

"பழக்கமா? ஆத்தாளும் மகளுமா சேந்து எங்கண்ணனக் கொன்னுட்டு, பழக்கமாம்! போலீசக் கூப்பிடுங்கய்யா! அறுத்துப் பாக்கட்டும்!"

சித்தப்பா அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. அம்மா இரண்டாவதுக்குத் தோதாக முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பலைத்தான் மகளால் பார்க்க முடியவில்லை. அப்பாவின் மார்பில் இருந்த புத்தகத்தை எடுத்தாள். முன்னூற்று இருபது பக்கம், கெட்டி அட்டை. முதல் அடியில் சித்தப்பாவின் கண்ணாடி போனது. இரண்டாவதில் மூக்கு. ரத்தம் பின்னட்டையில் அப்பாவின் சிரிப்பின்மேல் தெறித்தது.

"அட்டை! அட்டை போயிரும்மா!" என்று பதிப்பாளர் அலறினார்.

"ஏண்டி, என் மேலயே கை வெக்கிறியா?"

"இன்னும் முப்பத்தெட்டு படி இருக்கு சித்தப்பா. நில்லுங்க."

மூன்றாவதுக்காகக் கையை ஓங்கியவள் எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அவள் கையும் பெஞ்சில் கிடந்த அப்பாவின் கையும் ஒரே கோணத்தில், ஒரே உயரத்தில் நின்றன. அந்தக் கணம் அவள் தயங்கியதில், பின்வாங்கிய சித்தப்பா கால் இடறி அப்பாவின் தோள்மேலேயே மல்லாந்து விழுந்தார். பெஞ்சு துள்ளியது. எலும்புக்குள் ஏதோ 'மளுக்'கென்றது.

மூன்று பேர் சேர்ந்து இறக்க முடியாத கை தானாக விடுபட்டு, தலைமாட்டுப் பக்கமாக, அம்மாவை நோக்கி வீசி வந்தது.

அம்மா வெடுக்கென்று குனிந்து வலக்கையால் தலையை மூடிக்கொண்டாள்.

கை அவள்மேல் படவில்லை. பெஞ்சு விளிம்பில் மோதி, அப்படியே தொங்கியது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. மகள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

அம்மா குனிந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு விரலாகத் தலையிலிருந்து எடுத்தாள். வளைந்த சுண்டுவிரல் மட்டும், இன்னும் கொஞ்ச நேரம், காதோரத்திலேயே இருந்தது.