அத்தைக்கு ஒரு களவா

கெலேபி கடல் காவலரான அன்று ஊரில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நெதானி. மீன்வளத் துறை கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டை கழுத்தில் ஆட, கெலேபி ஊர்க்கூட்ட வீட்டுப் படியிறங்கி வந்தான்.

"வாங்க ஆபீசர்! மீனெல்லாம் எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கணுமா?"

"உன்னை மாதிரி திருட்டுப் பயலுக்குத்தாண்டா இந்தச் சட்டை."

"மச்சான், சத்தியமாச் சொல்றேன். பழுத்த பப்பாளி ஒண்ணு நடந்து வர்ற மாதிரியே இருக்கு."

நெதானி அவனுடைய அத்தை மகன். கெலேபியின் தங்கை மெரெசெய்னியைக் கட்டியவனும் அவன்தான். அவர்கள் ஊரான நாகேலேயில் மச்சான்மார் ஒருவரையொருவர் வையாமல் பேசினால், வீட்டில் ஏதோ தகராறு என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

ஊருக்கு எதிரேயுள்ள பவளப்பாறையை மூடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியதும் நெதானியே. முனையிலிருந்து, பெருங்கடலுக்குத் திறக்கும் பாறையின் வாய் வரைக்கும் ஏழு வருஷம் யாரும் தூண்டில் போடக்கூடாது, வலை இறக்கக்கூடாது, ஈட்டியோடு முங்கக்கூடாது என்று தலைவர் உத்தரவிட்டார். எல்லைக் கம்புகளை நட்டு, ஓலை கட்டியது இவர்கள் இருவரும்தான். முதல் இரண்டு வருஷம் ஊர் டின் மீனைத் தின்று முணுமுணுத்தது. மூன்றாம் வருஷம், களவா மீன்கள் முட்டையிடக் கூடும் பருவத்தில், இருவரும் பாறையின் வாயில் முங்கினார்கள். கீழே நூற்றுக்கணக்கில் களவா. சிறுவயதில் பார்த்ததற்குப் பிறகு அப்படி அவர்கள் பார்த்ததே இல்லை. மேலே வந்த நெதானி படகைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"அழறியா?"

"உப்புத்தண்ணிடா நாயே. கண்ணுல போயிடுச்சு."

ஆறாம் வருஷம் நெதானியின் அம்மா படுத்த படுக்கையானாள். உனைசி அத்தை, தாயில்லாமல் வளர்ந்த கெலேபிக்கும் சோறு போட்டவள். மரவள்ளியைக் கரைத்துக் கொடுத்தாலும் இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் வாயைத் திறந்து, "பாறை வாய்க் களவா சாறு ஒரு வாய் கெடைச்சா நல்லாயிருக்கும்டா" என்றாள். அவளுக்குப் பாறை மூடியிருப்பதே நினைவில் இல்லை.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. கெலேபி வழக்கம்போல் முனைக்குப் போனான். நெதானி இடுப்பளவு தண்ணீரில் கரைக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஈட்டி. மறு கையில் செவுளைக் கோத்துப் பிடித்த ஒரே ஒரு சிவப்புக் களவா. அதன் நீலப் புள்ளிகள் இன்னும் மங்கவில்லை.

"அம்மா கேட்டா" என்றான் நெதானி.

நெதானி 'பார்க்காத மாதிரி இரு' என்று கேட்கவில்லை. கெலேபிதான் விலகி வழிவிட்டான்.

மத்தியானம் அத்தை அவனைக் கூப்பிட்டனுப்பினாள். தேங்காய்ப்பாலும் எலுமிச்சையுமாகச் சாறு மணத்தது. பாதிக் கிண்ணம் குடித்திருந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"நீயும் குடிடா. மெலிஞ்சு போயிட்டே."

"வேண்டாம் அத்தை."

"நான் குடுத்து வேண்டாம்னு சொல்லுவியா?"

கிண்ணத்தை அவன் வாயருகே கொண்டுவந்தாள். கெலேபி குடித்தான். நெதானி வாசற்பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அத்தை இறந்தாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் நடந்தது. எல்லாம் பேசி முடித்து, யங்கோனா வேரைக் கரைத்த பானம் சிரட்டையில் சுற்றி வரும்போது, கடைசி வரிசையிலிருந்து சவெனாதா எழுந்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு மூடிய எல்லைக்குள் வலையோடு கெலேபியிடம் அகப்பட்டவன். ஊர் முன்னால் நெற்றி தரையில் பட வணங்கி, ஒரு வருஷம் கடலில் கால் வைக்கக்கூடாது என்று தண்டனை வாங்கியவன். அவன் படகு தென்னைகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது.

"காவலரே, துக்க வீடுன்னு இத்தனை நாள் பேசாம இருந்தேன். அத்தை சாகறதுக்கு முன்னாடி ஒருநாள் விடியக்காலைல நெதானி பாறைப் பக்கமிருந்து மீனோட வந்தான்னு எம் பொண்டாட்டி சொல்றா. நீங்களும் அங்கதான் நின்னீங்களாம். பார்த்தீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். கெலேபிக்கு அது தெரியும். ஆனால் சவெனாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

"பார்த்தேன்."

அடுத்த வார்த்தையும் தொண்டை வரை வந்தது. நானும் குடித்தேன். அது வெளியே வரவில்லை. நெதானி அவனையே பார்த்தபடி இருந்தான். கடைசியில் நெதானியே முன்னால் வந்து மண்டியிட்டான்.

"ஆமாங்கய்யா. எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. எங்கம்மாவுக்கு." நெற்றியைப் பாயில் வைத்தான்.

"உங்கம்மா எனக்கும் அக்கா முறைதான்பா" என்றார் தலைவர். "ஆனா சவெனாதாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு நான் சொன்னா, நாளைக்கு இந்தப் பாறையை யாரு மதிப்பா? ஒரு வருஷம்."

பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த நெதானி கரையில் இரண்டு வாரம்தான் தாங்கினான். மெரெசெய்னியையும் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தலைநகர் சூவாவுக்குக் கிளம்பிவிட்டான். அம்மாவுக்குத் துக்கம் காக்கிற நூறு நாள்கூட முடியவில்லை. படகு ஏறுமிடத்தில் கெலேபி ஈரப்பலா மரத்தடியில் நின்றான். பப்பாளி என்றோ நாய் என்றோ ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தான்.

"வரேங்க" என்றான் நெதானி, அந்நியரிடம் சொல்வதுபோல.

அன்றிரவு கெலேபி சாப்பிடவில்லை.

அடுத்த கோடையில் காற்று நின்றுபோனது. வாரக்கணக்கில் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கெலேபி முங்கியபோது, அடுப்பில் வைத்த தண்ணீருக்குள் இறங்கியது போலிருந்தது. பவளங்கள் முதலில் வெளிறின. சில ஊதாவாகவும் மஞ்சளாகவும் மின்னின. படகிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் திருவிழா மாதிரி இருக்கிறது என்றார்கள். பிறகு முனையிலிருந்து வாய் வரைக்கும் எல்லாம் எலும்பு நிறமானது. ஒரு மாதத்தில் அதன் மேல் பழுப்புப் பாசி படர்ந்தது. களவாப் பருவம் வந்தது. கெலேபி பாறையின் வாயில் ஒன்பது நாள் தொடர்ந்து முங்கினான். பதினொரு களவா பார்த்தான்.

ஊர் கூடியது. இனி எதைக் காப்பாற்ற, திறந்து மிச்சத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று பலர் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏழு வருஷம் வாயைக் கட்டியவர்கள். தலைவர் கெலேபியைப் பார்த்தார். "எனக்கு ஒரு வாரம் குடுங்கய்யா" என்றான் அவன்.

மன்னிப்புக் கேட்கக் கொடுப்பதற்கென்று, வீட்டிலிருந்த ஒரே திமிங்கலப் பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு சூவாவுக்குக் கப்பலேறினான்.

நெதானி மரக்கடை ஒன்றில் வாட்ச்மேன். தகர வீட்டின் ஒற்றை அறையில் கெலேபி தரையில் உட்கார்ந்து, பல்லை இரு கையிலும் ஏந்தி, தலை குனிந்தான். மன்னிப்புக்கு உண்டான சொற்களைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நெதானி அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு பல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நானும் குடிச்சேன்னு அன்னிக்குச் சொல்லியிருக்கணும்" என்றான் கெலேபி.

"ஆமா. சொல்லியிருக்கணும்." நெதானி சுவரைப் பார்த்தான். "நீ சொல்லுவே, சொல்லுவேன்னு உன் மூஞ்சையே பார்த்துட்டிருந்தேன். நீ சொல்லல. சரி, இவனும் போயிட்டா பாறையை யாரு பார்க்கிறதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

மெரெசெய்னி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தங்கை அண்ணனை நேராகப் பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கமில்லை. "சாப்பிடச் சொல்லுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

"களவா எப்படி வந்துச்சு இந்த வருஷம்?" நெதானியின் குரலில் பழைய ஆசை எட்டிப்பார்த்தது. "ஆயிரம் இருக்குமா?"

கெலேபி தட்டை நகர்த்தி வைத்தான். "பாறை செத்துப்போச்சு மச்சான்."

"வலை போட்டாங்களா? வெடியா? எந்த ஊர்க்காரன்?"

"யாரும் எதுவும் போடல. தண்ணி சூடாயிடுச்சு. அவ்வளவுதான்."

நெதானி மேலும் கேட்டான். முனையிலிருக்கிற பெரிய பவளம்? போச்சு. நாம கம்பு நட்ட இடம்? போச்சு. கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எழுந்து வெளியே போய்த் தெருக்குழாயடியில் நின்றான். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தான்.

"யாரைடா திட்டறது?" என்றான். "ஒருத்தனைக் காட்டு. போய் அடிச்சுட்டு வரேன்."

கெலேபியிடம் காட்ட யாரும் இல்லை.

"ஊர்ல திறக்கச் சொல்றாங்க."

"திறந்தா? இருக்கிற கிளிமீனையும் வழிச்சுடுவாங்க. பாசியைத் தின்ன ஆளில்லன்னா புதுப் பவளம் எங்கடா ஒட்டும்? நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?" நெதானி தரையில் தட்டினான். "திறந்தீங்கன்னா, நான் அந்தப் பாயில குனிஞ்சது எதுக்கு? நூறு நாள் முடியறதுக்குள்ள எங்கம்மா குழியை விட்டுட்டு வந்தேனே, அது எதுக்கு?"

"திறக்க விடமாட்டேன். நீ ஊருக்கு வா. தண்டனை முடிஞ்சுது."

"வரமாட்டேன் மச்சான். உம்மேல கோபமில்ல. பல்லை வாங்கிட்டேன், அது தீர்ந்துது. ஆனா அதைப் போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

மெரெசெய்னி அண்ணன் பக்கம் திரும்பாமலே புடைத்துக்கொண்டிருந்த அரிசிமேல் அழுதாள்.

ஊர் திரும்பிய கெலேபி கூட்டத்தில் மண்டியிட்டான். பாறையைத் திறந்தால் தான் குனிந்தது எதற்கு என்று நெதானி கேட்டதைச் சொன்னான். பிறகு, தானும் அந்தச் சாற்றைக் குடித்ததைச் சொன்னான். "குடிச்சா என்னப்பா, அத்தை குடுத்தது" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். தலைவர் அவளைக் கையமர்த்தினார். பாறை மூடியே இருக்கட்டும், இன்னும் பத்து வருஷம் என்றார். அதற்கு எதிராக ஒரு குரலும் எழவில்லை. பிறகு கெலேபியிடம், "உனக்கும் அதேதான்" என்றார். ஒரு வருஷம்.

மஞ்சள் சட்டை சவெனாதாவிடம் போனது. வேறு யாரும் கேட்கவில்லை. அவனுக்கு அது தோளில் இறுக்கமாக இருந்தது. தினமும் காலையில் படகெடுத்துப் போனான். கெலேபி மரவள்ளித் தோட்டத்துக்குப் போவதற்கு முன் கரையில் காத்திருப்பான், கால் நனையாத தூரத்தில். பாறை அவன் கண்ணெதிரே தண்ணீருக்கடியில் இருந்தது. பார்க்க முடியாது.

"ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பான்.

சவெனாதா படகை மணலில் இழுத்துப் போடும்வரை பதில் சொல்லமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"பாசிதான் அண்ணே" என்பான். "இன்னும் பாசிதான்."