கரடித் தாழ்ப்பாள்

கஞ்சா மிட்டாய் விற்கும் வெண்டல் டொலிவருக்குக் கொலராடோ மலையில் எந்தக் கரடியிடமும் பயம் கிடையாது. பயமெல்லாம் சுகாதாரத் துறை மார்சி ஓடலிடம்தான். அந்த மாநிலத்தில் கஞ்சாவுக்குத் தடை இல்லை; கடையும் உரிமமும் சட்டப்படியே இருந்தன. ஆனால் மிட்டாய் டப்பாவைக் குழந்தைகள் திறக்க முடியக் கூடாது, வயதானவர்கள் திறக்க முடிந்தாக வேண்டும் என்பது விதி. இரண்டிலும் தேறாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வெண்டல் ஊர்க் குப்பைத்தொட்டியைப் பார்த்து ஒரு மூடி செய்தார். டஸ்டி ஃபோர்க் என்ற அந்த ஊரில் குப்பைத்தொட்டி என்றாலே கரடிக்குப் பயந்து செய்ததுதான்: தகட்டுக்கு அடியில் விரலை விட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் தாழ்ப்பாளைத் தூக்க வேண்டும். அதே வித்தைதான் டப்பாவிலும்.

முதலில் காலி டப்பாக்களை மழலையர் பள்ளியில் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கடித்தார்கள், உதைத்தார்கள், ஒருத்தி மேலே உட்கார்ந்து அடைகாத்தாள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு டப்பாவோடு ஒரு கரடி மல்லுக்கட்டித் தோற்று, வெட்கத்தில் பக்கத்து மாவட்டத்துக்கே குடிபோய்விட்டது. இதை நம்பாதவர்கள் அங்கே போய் அதையே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த சோதனை தேவாலயக் கூடத்தில், ஊர்ப் பெரியவர்களுக்கு. வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்ததும் வெண்டலுக்கு நிம்மதி. எல்லோருமே அவர் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்துபோகிறவர்கள். ஆனால் அவரவர் வருவது அவரவருக்கு மட்டுமே தெரியும்.

வினை அங்கேதான் இருந்தது. சட்டென்று திறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்?

“ஐயய்யோ, இது என்ன கண்றாவி!” என்று ஆர்லீன் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூட்டு வலிக்கு நேற்றுதான் இதே டப்பாவில் மிட்டாய் வாங்கிப் போனவர்.

போதகர் ரஸ்க் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். “இதுல எது மேல, எது கீழ?”

“குப்பைத்தொட்டி மாதிரிதான், போதகரே,” என்றார் வெண்டல், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எங்க வீட்ல குப்பை கொட்டறது என் சம்சாரம்.”

“யாரு, நானா?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

மார்சி பேனாவை எடுத்தார். “மன்னிச்சுக்கோங்க வெண்டல். ஒருத்தராலயும் முடியல. எழுதிடறேன்.”

‘இவர்கள் எல்லோரும் என் வாடிக்கைக்காரர்கள், நடிக்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை தப்பிக்கும். அது வெண்டலின் நாக்கு நுனிவரை வந்தது. பின்வாசலை நம்பி வருகிறவர்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, விழுங்கிவிட்டார். அப்போதுதான் காப்பி மேசைமேல் ஆர்லீன் சுட்டுக் கொண்டுவந்த பீச் பழப் ‘பை’ என்ற பலகாரம் கண்ணில் பட்டது. அந்தப் பலகாரத்துக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட ஊர் அது.

“இன்னும் ஒரே ஒரு தடவை, மார்சி. யாரு முதல்ல திறக்கறாங்களோ அவங்களுக்கு இந்தப் பலகாரம் முழுசா.”

கூடம் சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடித்தது. போதகர் ஒரே கையால் திறந்தார். மறு கையில் அதற்குள் முள்கரண்டி இருந்தது. சொந்தப் பலகாரத்தைக் காப்பாற்ற ஆர்லீனும் அரை நொடி பிந்தித் திறந்துவிட்டார். பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“தேறிடுச்சு,” என்றார் மார்சி. “யாரும் எழுந்திருக்காதீங்க. கை இவ்வளவு பழகியிருக்கறதால சொல்றேன். ஒண்ணு தின்னுட்டு, ஒண்ணும் ஆகலையேன்னு அடுத்ததை எடுக்காதீங்க. ரெண்டு மணி நேரமாவது பொறுங்க. தின்னுட்டு வண்டி ஓட்டாதீங்க. டப்பா நல்ல டப்பாதான், அதுக்காக மேசைமேல வைக்காதீங்க. பேரப்பிள்ளைங்க கைக்கு எட்டாம அலமாரியில பூட்டி வைங்க.”

கூடம் ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தது. போதகர் தொண்டையைக் கனைத்தார்.

“என் நண்பர் ஒருத்தருக்காகக் கேக்கறேன். பாதி மட்டும் தின்னா ஒரு மணி நேரம் போதுமா?”

அத்தனை பேரும் சட்டென்று மார்சி பக்கம் திரும்பினார்கள்.

“இல்ல, போதகரே. உங்க நண்பரும் ரெண்டு மணி நேரம் பொறுக்கணும்.”

“அடக் கடவுளே, நேத்து நான் அரை மணிகூடப் பொறுக்கலையே,” என்றார் ஆர்லீன்.