மூச்சு முட்டியதற்கு விளக்கம்

மன அழுத்தத்தைக் குறைக்கும் கட்டாயப் பயிற்சியின் பாதியில் வெளியேறியதற்காகக் கலைமதிக்குக் குறிப்பாணை வந்திருந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது.

தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவள் உதவியாளர். நட்ட மரக்கன்றுகளில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று திங்கட்கிழமைதோறும் ஆய்வுக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சித்தேரி மலையில் ஆடு தின்ற கன்றுகளும் அறிக்கையில் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. இரண்டு மாதமாக, கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஈ.சி.ஜி.யில் இதயம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற இதயம் எதற்கு இப்படிச் செய்கிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

பயிற்சியில், சால்வை போர்த்தப்பட்ட நிபுணர், "கண்ணை மூடி, உங்க மேலதிகாரி முகத்த நெனச்சுக்குங்க" என்றார். நினைத்தாள். எழுந்து ஓடினாள்.

"வயித்தால போச்சுன்னு எழுதிடும்மா. எவனும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டான்" என்றார் கண்காணிப்பாளர் சந்திரமோகன்.

"டாக்டரு பதற்றம்னு சீட்டு குடுத்திருக்காருங்க சார்."

"ஃபைல்ல அது ஏறுச்சுன்னா கடைசி வரைக்கும் உன்னைய ஒரு மாதிரிதான் பாப்பாங்க."

"கூட்டத்துல பாதிப் பேருக்குக் கை நடுங்குதுங்களே?"

"அது மரியாதைம்மா."

இருந்தும் உண்மையையே எழுதி, சீட்டை இணைத்து, அதிகாரி மாதவராஜிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். தானே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"விரல் மரத்துப்போவுமா?"

"ஆமாங்க சார்."

"சென்னையிலேர்ந்து போன் வந்தாலுமா?"

"எனக்கெல்லாம் யாருங்க சார் சென்னையிலேர்ந்து பேசப் போறாங்க?"

"இந்த டாக்டர் எப்ப இருப்பாரு? சும்மா, பொதுவா கேட்டேன்."

"அஞ்சு மணிக்கு மேலங்க சார்."

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. சிவப்பு மையில்: 'மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை.' குண்டூசி இருந்தது, சீட்டு இல்லை. உண்மையிலேயே இணைத்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொரு சீட்டு வாங்க, மாலையில் மருத்துவரிடம் போனாள். கடைசி நாற்காலியில் முகக்கவசத்தோடு மாதவராஜ் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார்" என்றாள், யார் அதிகாரி என்றே மறந்து.

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "கீழ விழுந்து கெடந்துச்சும்மா. நாளைக்குச் சேத்துடு, கையெழுத்துப் போட்டுடறேன். இதக் குடுக்கத்தான் வந்தேன்."

"சரிங்க சார்."

உள்ளிருந்து பதினான்காம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். டோக்கன் அவர் கையில் இருந்தது, கை நடுங்கியது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

"போங்க சார். ஒண்ணும் ஆவாது" என்றாள் கலைமதி.

சொல்லிவிட்டாளே தவிர, அது உண்மைதானா என்று அவளுக்கும் தெரியவில்லை.