சிவப்பு வரிசையில் நிற்பவன்

எல்லையில் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை. செய்தி நிலையத்தின் இரண்டாம் மாடியில் மட்டும் அது ஜோராக நடந்துகொண்டிருந்தது. யாரிடம் எத்தனை டாங்கி, யாரிடம் எத்தனை விமானம், யார் யாரை மண்ணைக் கவ்வ வைப்பார்கள் என்று காலையிலிருந்து ஒரே அலசல். துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் திரையில் வரும் படங்களை வரைவது சின்னவளின் வேலை.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள், அதனால் சின்னவள். அக்கா கல்யாணமாகிப் போனது பக்கத்து நாட்டுக்கு, இப்போது பகையாளி ஆகிவிட்ட அதே நாட்டுக்கு. மாப்பிள்ளை பார்த்த காலத்தில் எல்லை என்பது பேருந்தை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் வரிசையில் நிற்கும் இடம், அவ்வளவுதான். அக்காவுக்கு ஒரே மகன். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது தோள் இறங்கிப்போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் கோணல். பட்டாளத்தில் கட்டாயப் பயிற்சி ஒரு வருஷம் முடித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

செய்திப் பிரிவின் தலைவரை அவர் முதுகுக்குப் பின்னால் சவுண்டு என்பார்கள். காதோடு பேசினாலும் கீழ்மாடிக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமை காலை அவர் சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ரெண்டு பட்டாளத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தணும்மா. நம்ம ஆளுங்க நீலம், அவங்க சிவப்பு. ஒரு ஆளு வரைஞ்சா பத்தாயிரம் பேருன்னு கணக்கு. சீக்கிரம் வேணும்."

கையிருப்பில் இருந்த சிப்பாய்ப் படங்களில் எல்லாம் ஏதோ ஒரு நாட்டின் கொடி ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் கைப்பேசியைத் துழாவினாள். கோணல் சீருடையில் நிற்கும் படம் ஒன்று இருந்தது, அக்கா பெருமையாக அனுப்பியது. அதையே கணினியில் ஏற்றி, ஓரத்தைப் பிடித்து வரைந்தாள். முகம் கிடையாது, வெறும் உருவம். தோளை நிமிர்த்திவிட்டிருக்கலாம், மனசு வரவில்லை. பிள்ளை டிவியில் வரட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மேசையில் ஓர் உருவத்தை வரைந்தால் போதும், மற்றதெல்லாம் நகல்தான். ஆக நீல வரிசையிலும் கோணல் நின்றான், சிவப்பு வரிசையிலும் கோணலே நின்றான்.

கிடைத்த கணக்கின்படி இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். சவுண்டுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா இது, தராசு மாதிரி நிக்குது? இதைப் பாத்து யாருக்கு ரத்தம் கொதிக்கும்? அவங்க பக்கம் ரிசர்வ் ஆளுங்களை, அதான் பயிற்சி முடிச்சு வீட்டுக்குப் போனவங்களை, எடுத்துடு."

"நம்ம பக்கமும் ரிசர்வ் சேர்த்துதானே சார் இருக்கு?"

"நம்மளது இருந்துட்டுப் போகட்டும்."

எடுத்தாள். வேலை வேண்டுமே. சிவப்பு வரிசை பாதியாகச் சுருங்கியது. ஒன்பது நாட்டு ராணுவம் சேர்ந்து வந்தாலும் செய்ய முடியாததை மவுஸைப் பிடித்த ஒரு பெண் செய்து முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"கோணலைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்கடி. வியாழக்கிழமை போய் நிக்கணும். உங்க மாமா போகட்டும்ங்கிறார், எனக்கு மனசு ஒப்பல. உங்க டிவியப் பாத்தா நாங்க உங்கள்ல பாதிகூட இல்ல. எங்க டிவியப் பாத்தா நீங்க பாதி. எதுடி நெசம்? நீதானே அந்தப் படமெல்லாம் போடுற. உங்க படம் நெசம்னா சொல்லு, எங்கயாவது ஒளிச்சு வெச்சுடறேன். பிடிச்சு ஜெயில்ல போட்டாலும் உசுரோட இருப்பான்."

அக்கா அழுவதைச் சின்னவளால் தாங்க முடியாது. காலையிலிருந்து பொய்யைச் சுமந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"அந்தப் படத்தை நம்பாதக்கா. நான்தான் ஆளுங்களை அழிச்சேன், அழிக்கச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் சமம்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சமமா இருந்தா யாரும் முதல்ல கை வைக்க மாட்டாங்க, இல்லடி?"

சின்னவளுக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும், "மாட்டாங்கக்கா," என்றாள்.

அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கோணல் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"சித்தி, அந்த சிப்பாய் நான்தானே? பாத்த உடனே அம்மாகிட்ட சொல்லிட்டேன். இவ்வளவு பேரா நின்னும் ஒருத்தனுக்குக்கூட தோள் நேரா இல்லையே."

மூன்று பேரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை அவன் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லையில் சுட்டுக்கொண்டார்கள். முதலில் சுட்டது யார் என்பதை ஒவ்வொரு நாட்டு டிவியும் தன் வசதிக்குச் சொன்னது. அக்கா வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று தானே பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டோமோ என்று சின்னவள் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். பொய்யையே சொல்லியிருந்தால் அவன் எங்காவது ஒரு பரணில் பதுங்கிக் கிடந்திருப்பான்.

சவுண்டு உற்சாகமாக வந்தார்.

"சிவப்புல ரெண்டு ஆளை மங்க வெச்சுடும்மா."

"சார், ஒரு ஆளு பத்தாயிரம் பேரு. அங்க செத்தது நாப்பது பேருன்னுதானே சொல்றாங்க?"

"கணக்கை யாரும்மா பாக்குறா? படத்தைத்தான் பாப்பாங்க."

அவள் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வரிசையின் ஒரு முனைக்குப் போனாள், மறு முனைக்கு வந்தாள். எவன் மேலும் கை வைக்க முடியவில்லை.

"என்னம்மா யோசனை? எதை மங்க வெச்சா என்ன, எல்லாம் ஒரே ஆளுதானே."

ஓரத்தில் நின்ற இரண்டு பேரை மங்க வைத்தாள். படம் உடனே ஒளிபரப்பானது. சற்று நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. அக்காதான். அழவில்லை. அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

"டிவில ரெண்டு பேரு மங்கிட்டாங்கடி."

"அது சும்மா படம்க்கா. நான்தான் இப்ப..."

"தெரியும். நீ சொன்னா நெசமா இருக்கும்னுதானே அவனை அனுப்பினேன். இப்பவும் நீயே சொல்லு. மிச்சம் நிக்கிறவங்கள்ல அவன் இருக்கானா?"

சின்னவள் திரையைப் பார்த்தாள். மிச்சம் இருந்த அத்தனை பேரும் இடது தோளை இறக்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் சவுண்டு, இன்னும் ஒன்றை மங்க வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.