மீதி இரண்டு பூட்ஸ்

அலோய்சி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிட்டோம் நகரத்தின் அந்த இரண்டு அறை வீட்டில் தன் இருமலைத் தவிர வேறு சத்தம் கேட்காமல் வாழ்ந்துவந்தார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன்பு பங்குக்கோயில் மண்டபத்துக்குப் போய், "எனக்கு ஒரு குடும்பம் குடுங்க" என்று கேட்பார். கஷ்டப்படுகிற ஒரு வீட்டின் தேவைகளைச் சொல்வார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். கொடுத்தவர் யார் என்று அந்த வீட்டுக்கும் தெரியாது. அலோய்சிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. பெயர் தெரிந்தவர்களோடுதான் அவருக்கு ஒத்துப்போவதில்லை.

"இந்த வருஷம் உங்களுக்கு ஒரு அம்மாவும் பையனும், ஐயா" என்றாள் பொக்னா. பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் இந்தச் சேவை, வாய்க்கு மட்டும் எப்போதும் ஓய்வில்லை. "புருஷன்காரன் விட்டுட்டு ஓடிட்டான். அடுப்புக்கு நிலக்கரி, பையனுக்குக் குளிர்கோட்டு, ஒரு போர்வை. அந்தப் பொண்ணு தனக்குன்னு ஒண்ணும் வேணாம்னுடுச்சு. நான் விடுவனா? பூட்ஸ் கேட்டுச்சு, முப்பத்தெட்டு சைஸ். அப்புறம் ஒரு வேடிக்கை, இடது காலுக்கு மட்டும் பூட்ஸுக்குள்ள வைக்கிற கம்பளி அட்டை வேணுமாம், ரெண்டு அடுக்கா. எதுக்கும்மான்னா பேச்சை மாத்திடுச்சு."

அலோய்சி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் பெர்னதெத்தாவுக்குப் பிறவியிலேயே இடது பாதம் சிறியது. குளிர்காலம் வந்தால் இரண்டு அளவில் இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்குவார்; ஒவ்வொன்றிலும் ஒன்று அவளுக்கு. மீதி இரண்டும் பெட்டிக்குள் அடைந்து கட்டிலுக்கு அடியில் போகும். "இந்த ஊர்ல உனக்கு நேர்மாறான காலோட ஒருத்தி இருப்பா பாரு. அவளைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடுவோம்" என்பார். ஒரே ஒரு வருடம், வேலைநிறுத்தத்தின்போது, ஒரு ஜோடிதான் வாங்க முடிந்தது. இடது பூட்ஸுக்குள் கம்பளி அடைத்துக் கொடுத்தார். பிள்ளை வாயே திறக்கவில்லை. காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்படி வளர்த்தவர்தான், மனைவியின் அடக்கத்தன்று, ஊரே பார்க்க, "உன் கல்யாணக் கவலைதான்டி அவளைக் கொண்டுபோச்சு" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "இனி உங்க கையால பச்சத்தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று போனவள்தான். அவள் இதே ஊரில் அடுப்புக்குக் கரியில்லாமல் இருக்கிறாள் என்பது இப்போதுதான் காதில் விழுகிறது.

"யாராச்சும் திருப்பி அனுப்புறது உண்டாம்மா?"

"போன வருஷம் ஒருத்தர், குடுத்தது யாருன்னு மோப்பம் புடிச்சு, கரி மொதக்கொண்டு வாசல்ல தள்ளிட்டாரு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

கரி, கோட்டு, போர்வை எல்லாம் வாங்கியாயிற்று. கம்பளி அட்டையும் வாங்கினார். பிறகும் கால்கள் செருப்புக்கடைக்கே போயின. ஒரே மாதிரி பூட்ஸ், முப்பத்தெட்டில் ஒரு ஜோடி, முப்பத்தாறில் ஒரு ஜோடி கேட்டார். கடைக்காரி சிரித்தாள். "பெரிய வீட்டுக்கு ஒண்ணு, சின்ன வீட்டுக்கு ஒண்ணாக்கும்?"

"ஒரு வீடே எனக்கு ஜாஸ்தி, தாயீ."

சிறிய ஜோடி கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்தது. அதற்குப் பெட்டி கிடையாது என்று பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தவித்தார். கேட்டதையே வைத்தால் வம்பில்லை. பெர்னதெத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஜோடி மாற்றி வைத்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வீம்பில் அவள் அப்பனை உரித்துவைத்தவள். கரியும் வாசலுக்கு வரும், பெயர்கூடத் தெரியாத பேரன் குளிரில் விறைப்பான். அட்டையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் அட்டையை ஒதுக்கிவிட்டு, இடதுக்கு முப்பத்தாறும் வலதுக்கு முப்பத்தெட்டும் வைத்து மூடினார். அவள் கால் நோகக் கூடாது என்பது மட்டும் காரணமில்லை. தெரியட்டும் என்றும் ஆசைப்பட்டார். எல்லாவற்றையும் மண்டபத்தில் ஒப்படைத்துவிட்டு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, ஊர் வழக்கப்படி மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பி, பீட்ரூட் சூப்பும் வறுத்த கெண்டை மீனும் வைத்தார். எதிர்பாராமல் வருகிறவருக்கென்று எல்லா வீட்டிலும் வைக்கிற அதிகப்படித் தட்டையும் வைத்தார். அந்தத் தட்டில் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை. படிக்கட்டில் கேட்ட காலடிகள் எல்லாம் அடுத்த வீடுகளுக்கே போயின. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்காருவது வழக்கம்; அது வந்த பிறகும் அவருக்குச் சாப்பிட மனமில்லை.

கதவு தட்டப்பட்டது. பொக்னா நின்றாள், தலையெல்லாம் பனி. கையில் அந்த பூட்ஸ் பெட்டி.

அலோய்சி அவள் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "கரியும் வந்துடுச்சா?"

"அது எதுக்கு வருது? அடுப்பு எரியுது அங்க. பையன் கோட்டைக் கழட்டவே மாட்டேங்குறான். இதை மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு."

வாங்கினார். கனமே இல்லை. திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"நான் மூச்சு விடலைய்யா, சத்தியமா!" என்றாள் பொக்னா. "பூட்ஸைப் போட்டுப் பாத்துச்சு, ரொம்ப நேரம் குனிஞ்சபடியே உக்காந்திருந்துச்சு. அப்புறம், 'மீதி ரெண்டையும் வைக்கப் பெட்டி வேணுமில்ல, குடுத்துடுங்க'ன்னுச்சு. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

"புரியுதும்மா."

"உள்ள வாங்கன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். பரவால்ல, வீட்ல எனக்காகக் காத்திருப்பாங்க." அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

தரையில் கிடந்த மீதி இரண்டு பூட்ஸையும் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண் கலங்கியிருந்தது. எதிர்த் தட்டு காலியாகத்தான் இருந்தது. கதவை அன்று தாழிடவில்லை. ஆறிப்போன சூப்பை மெதுவாக, தனியாகக் குடித்தார்.