என் மகளின் ஞானத்தகப்பன்

மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர் சாப்பிட வருகிறார் என்று என் புருசன் கிருசாந்தன் காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். லண்டனுக்குள்ளேயே செவன் கிங்ஸிலிருந்து மோர்டனுக்கு நாங்கள் வந்து சில மாதங்கள்தான். அதற்குள் அவர் எட்வேட் அண்ணையின் கடைகளுக்கு அலமாரி அடித்து, ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, நத்தார் விழா எதுவென்றாலும் எட்வேட் அண்ணைதான் முன்னுக்கு நிற்பாராம். கைக்குழந்தையோடு வீட்டிலேயே கிடந்த நான் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்ததில்லை.

வந்தார். நண்டுக் காலை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். குழம்பு முழங்கை வரை வழிந்தது. அதை நக்கினார். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

"தங்கச்சியும் போராளி எண்டு கிருசாந்தன் சொன்னவர். பெருமையா இருக்கு," என்றார். "அந்த நேரம் தாய்மாரே பிள்ளையளைக் கொண்டுவந்து எங்களிட்டத் தந்தவை."

என் அம்மா என்னைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இயக்கம் வீட்டுக்கு வீடு பிள்ளை பிடித்த நாட்களில், வன்னியில் எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டி, அதற்குள் எண்ணெய்ப் பரலை, ஆள் கொள்ளும் தகரப் பீப்பாயை, இறக்கி, என்னை உள்ளே இருத்தி, மேலே விறகு அடுக்கி வைத்திருந்தார். எனக்குப் பதினேழு வயது. பாரிசில் வளர்ந்த கிருசாந்தனுக்கு இந்தக் கதை வேண்டாம். போராளி என்ற சொல் மட்டும் போதும், ஊருக்குச் சொல்லித் திரிய.

கை கழுவிவிட்டு எட்வேட் அண்ணை பிள்ளையைத் தூக்கினார். அவள் வீரிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அழாதையும் பிள்ளை, அழாதையும்."

என் காது சுட்டது. அவனேதான்! அப்போது வேறு பெயர், ஒல்லியான உடம்பு, ஆனால் அதே செருமல், அதே மரியாதைப் பேச்சு. விறகை உதைத்துத் தள்ளி, என்னைப் பரலிலிருந்து தலைமுடியில் பிடித்து இழுத்தவன். பிடித்துவந்த பெண் பிள்ளைகளுக்கு வழக்கமாக முடியைக் கட்டையாக வெட்டுவது இயக்கப் பெண்கள்தான். அன்று அவசரமாம், இவனே கத்தரிக்கோலை எடுத்தான். நான் தலையை உதறினேன். வலக்காதின் மேல் நுனி முடியோடு சேர்ந்து போய்விட்டது. அப்போதும் "அழாதையும் பிள்ளை" என்றுதான் சொன்னான்.

தடியை வைத்துப் பயிற்சி தந்தார்கள். பிறகு மண் அணைக்குப் பின்னால் துவக்கோடு இருத்தினார்கள். பேன், சொறி, மாற்றுத் துணியில்லாத தீட்டு. பக்கத்தில் இருந்தவள் செத்து ஊதிய பிறகும் அந்தக் குழியிலேயே இருந்து சோறு தின்றேன். ஓடியவர்களைக் கட்டை முடி காட்டிக் கொடுத்தது, பிடித்துக் கொண்டுவந்து திரும்பவும் முன்னுக்கு விட்டார்கள். சண்டையின் கடைசியில் கடலேரி கடந்து ஆமியின் பக்கம் போனால், ஆமிக்காரனும் தலையைப் பார்த்துத்தான் என்னைத் தனியே பிரித்தான். தடுப்பு முகாமில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. வெளியே வந்த நாளிலிருந்து என் முடியில் எவரையும் கை வைக்க விட்டதில்லை. இப்போது அது இடுப்பைத் தாண்டிக் கிடந்தது. காதையும் அது மூடியிருந்தது. அந்த ஆளுக்கு என்னை எப்படித் தெரியும்? எத்தனை பேரை இழுத்தானோ.

அவன் போனதும் குசினியில் கிருசாந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதைக் காட்டினேன்.

அவர் நண்டுக் கோதுகளை வழித்துக் குப்பையில் போட்டார். "அது அந்தக் காலமப்பா. மேல இருந்து சொன்னதை அவர் செய்திருப்பார். அழைப்புக் கார்ட் அடிச்சாச்சு, விருந்துக்கு ஹோல் புக் பண்ணியாச்சு. நீரும் இப்ப நல்லாத்தானே இருக்கிறீர்?"

"அந்தக் கை என்ர பிள்ளையின்ர தலையில படக்கூடாது."

"சனத்துக்கு என்ன சொல்லுறது? நாளைக்கு அவற்ற கடை வேலையும் வேணும்."

எட்வேட்டின் மேல் வந்த அருவருப்பு வேறு. இது பக்கத்தில் படுக்கிற மனிதனின் மேல் வந்தது. குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஞானஸ்நானத்தன்று காலை, மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். தடித்த பின்னல், ஒரே வெட்டில் போகவில்லை. அறுத்து அறுத்து எடுத்தேன். பிறகு காதுக்கு மேலே ஒட்ட வெட்டினேன். அழவில்லை.

"உமக்கென்ன பைத்தியமே?" என்று கிருசாந்தன் கத்தினார். முக்காடு போடச் சொன்னார். நான் பட்டுச் சேலையோடும் மொட்டைக் காதோடும் காரில் ஏறினேன்.

கோயில் வாசலில் சனம் வாயைப் பிளந்தது. எட்வேட் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, "தாங்கோ தங்கச்சி, பிள்ளையை," என்று இரண்டு கையையும் நீட்டினான். நான் பிள்ளையைக் கொடுக்காமல் முகத்தைத் திருப்பி வலக்காதை அவனுக்குக் காட்டினேன்.

முதலில் என் தலையைப் பார்த்தான். பிறகு காதைப் பார்த்தான். நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"அழாதையும் எண்டு சொல்லுங்கோவன், அண்ணை," என்றேன்.

தொண்டையைச் செருமினான். "காரைப் பிழையான இடத்தில விட்டிட்டன் போல..." என்று யாருக்கோ முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். கிருசாந்தன், "அண்ணை! அண்ணை!" என்று அவனுக்குப் பின்னால் ஓடினார். தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தை விட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே ஃபாதர், "ஞானத்தகப்பன் எங்கை?" என்று கேட்டார்.

ஞானத்தாயாக நிற்க வந்திருந்த என் சிநேகிதி மேரிசாந்தி என் தலையை ஒருதரம் பார்த்தாள். "ஞானத்தகப்பன் வேண்டாம், நான் ஒராள் காணும் ஃபாதர், தொடங்குங்கோ," என்றாள்.

உச்சந்தலையில் தண்ணீர் விழுந்ததும் என் மகள் கோயில் அதிர வீரிட்டாள். மேரிசாந்தி அவளை அமர்த்தக் கை எடுத்தாள். நான் தடுத்தேன்.

"விடு. அழட்டும்."