இரண்டு சுற்றுப் பூட்டிய கதவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. எங்கள் வீட்டுப் படுக்கையறைப் பூட்டிலிருந்து வந்தது. சாவி உடைந்து முன்பாதி பூட்டுக்குள்ளும் பின்பாதி என் கையிலுமாக நின்றபோது வந்தது. அந்தப் பின்பாதி இப்போது மேசைமேல் கிடக்கிறது. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதையின் முதல் தாள் என்னிடம் இல்லை. அது எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். நட்டம் ஒன்றுமில்லை, ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

"பழைய பூட்டுகளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. அன்று காலை பத்தரை மணிக்கு, யாரும் எதுவும் செய்யாமலேயே, எங்கள் பூட்டு தானாக இறுகி"

பொய். எந்தப் பூட்டும் தானாக இறுகாது. (பூட்டுக்காரரும் இதையேதான் சொன்னார், அதுவும் என் மனைவி காதில் விழும்படி. அவர் வர இன்னும் நேரம் இருக்கிறது. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வராத வர்க்கம்.)

2

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ரயிலில் ஆறு மணி நேரம் போனால் வரும் ஊரில் ஒரு பெரிய கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு காலியாக இருந்தது. அதற்கு நேர்காணல், படுக்கையறையில் கணினி முன்னால், பத்தரைக்கு. நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன். எழுதுகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் யாரும் இந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை.

அந்தப் பூட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சுற்றுச் சுற்றினால் கதவு பூட்டிக்கொள்ளும். இரண்டாவது சுற்றுச் சுற்றினால் சாவி மாட்டிக்கொள்ளும். குடிவந்த முதல் வாரத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. ஏழு வருடமாக, தங்க வருகிறவர்களுக்குக் குளியலறையைக் காட்டுவதற்கு முன்னால் நாங்கள் சொல்வது, "அந்த ரூம் சாவியை ரெண்டாவது சுத்து மட்டும் சுத்திடாதீங்க." பூட்டை மாற்றலாமே என்கிறீர்களா? மாற்றலாம்தான். அந்தப் பொறுப்பு என்னுடையது.

3

இரண்டாவது முயற்சியில் மாமனாரைக் கொண்டுவந்தேன். அவர் எங்களோடுதான் இருக்கிறார்.

"மூடிய கதவைக் கண்டால் திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. 'ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்' என்பார். போன மாதம் மகள் ஐந்து டாக்டர்களோடு கணினியில் பேசிக்கொண்டிருந்தபோது, தலையில் துண்டோடு உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடினார். ஐந்து டாக்டர்களும் சேர்ந்து தேடினார்கள். ஆகவே நேர்காணல் அன்று, அந்த நல்ல கணவன் சாவியை எடுத்து, வெளிப்பக்கமாக மெல்ல"

இந்த நல்ல கணவனோடு மூன்று நாள் சுகமாகக் காலம் தள்ளினேன். அவனை எல்லோருக்கும் பிடிக்கும். என் தங்கையிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன், "பாவம்ண்ணா அவரு" என்றாள்.

(மாமனார் அன்று வீட்டிலேயே இல்லை. பத்து மணிக்கே கண் டாக்டரிடம் போய்விட்டார். வண்டி ஏற்றிவிட்டது நான்தான்.)

இந்த அடைப்புக்குறியை நான்கு தடவை அடித்துவிட்டு நான்கு தடவை திரும்ப எழுதினேன். இருந்து தொலையட்டும்.

4

பதினொன்று இருபதுக்கு அறைக்குள் நாற்காலி நகர்ந்தது. கைப்பிடி இரண்டு தடவை ஆடியது.

"கதவு ஏன் பூட்டியிருக்கு?"

"ஒரு நிமிஷம்."

"என்ன ஒரு நிமிஷம்? ஒரு மணிக்குள்ள சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கிட்டு அவங்களோட இங்க இருக்கிற ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. தொற சீக்கிரம்."

திருப்பினேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன்.

"என்ன சத்தம் அது?"

"சாவி."

"சாவிக்கு என்ன?"

"ரெண்டாயிடுச்சு."

உள்ளே அவள் திரும்பப் போய் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. ஒன்பது வருடத்தில் அவள் சத்தம் போட்டதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. இதற்குப் பயந்தேன்.

அடுத்த நாற்பது நிமிடங்களைச் சுருக்குகிறேன்: கத்திமுனை, புருவம் திருத்தும் இடுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தம், எண்ணெய்.*

* எந்த எண்ணெய் என்று கேட்காதீர்கள். சரி, தலைக்கு வைக்கிறது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

பூட்டுக்காரர் பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார். வந்ததும் உட்கார்ந்தார், பையைத் திறந்தார், கண்ணாடியைத் துடைத்தார். எனக்குத் தலை வெடித்தது.

"பூட்டுக்கு யாரு சார் எண்ணெய் தேச்சது? தலை வாரிப் பின்னிவிடப் போறீங்களா?"

"சீக்கிரம் பாருங்களேன். உள்ள ஆள் இருக்காங்க."

"உள்ளயா?" டார்ச் அடித்துப் பார்த்தார். "தானா இறுகுற பூட்டு இல்ல சார் இது. உள்ள ஆளை வச்சுக்கிட்டு வெளியிலேர்ந்து ரெண்டு சுத்துப் பூட்டியிருக்கீங்களே?"

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எத்தனை சுத்து?"

"ரெண்டு மேடம்."

பிறகு துளையிடும் இயந்திரம் கத்தியது. எனக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பூட்டு மொத்தமாகக் கழன்று தரையில் விழுந்தது. மனைவி சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ரெண்டாவது சுத்து எதுக்கு?"

பதிலுக்கு நிற்கவில்லை. நிற்க நேரமும் இல்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் தாமதமாகப் போகிறாள், வேலை கைநழுவுகிறது, கணவன் உடைந்த சாவியோடு அழுகிறான். அடித்துவிட்டேன். காரியத்தையும் கெடுத்துவிட்டு இரக்கத்தையும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் படவா.

ரயில். சன்னலோரம் மாமனார். "ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்" என்று எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்கிறார். கணவன் மடியில் கணினியை வைத்து எழுதுகிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நானும் வருகிறேன் என்று அந்தக் கணவன் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை, அதற்குள் எப்படி ரயிலேற்றுவது?

உண்மையில் நடந்தது, அவள் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நேற்று வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. இன்று மாலை ஐந்துக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். இப்போது மணி நான்கு பத்து. காலையில் தண்ணீர் குடிக்க வந்தவள் என் மேசையை எட்டிப் பார்த்தாள்.

"அதைப் பத்தித்தான் எழுதுறியா?"

"ஆமா."

"எழுது. நாலு நாளா நான் கேட்டதுக்குப் பதில் இல்ல. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு அப்புறம் எனக்குச் சொல்லு."

கை தானாகச் சுற்றிவிட்டது என்று எழுதினேன். பூட்டு தானாக இறுகியதற்கு இது அண்ணன். மாமனார் வீட்டில் இல்லாதபோது முதல் சுற்றுக்கே காரணம் கிடையாது, இரண்டாவதற்கு எங்கே போவேன்? எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய்விடுவாள், போய் நன்றாக இருப்பாள் என்று பயம். சாவி மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்த கையால், தெரிந்தே சுற்றினேன்.

இந்த ஒரு வரிக்காக நாலு நாள், பதினோரு தாள். வெட்கக்கேடு.

6

அந்த அளவில் பூட்டு கடையில் இல்லை, வர இரண்டு நாளாகும் என்றார் பூட்டுக்காரர். இரண்டு நாள் நான்காகிவிட்டது. பூட்டு இருந்த இடத்தில் ஒரு முட்டை போகும் அளவுக்கு ஓட்டை. முதல் நாளே அவள் அதில் ஒரு தாளைக் கசக்கி அடைத்துவிட்டாள். என் மேசையிலிருந்து எடுத்த தாள். இந்தக் கதையின் முதல் தாள். கொஞ்சம் குனிந்தால் 'பழைய பூட்டுகளுக்கென்று ஒரு பிடி' வரை படிக்கலாம்.

மாமனார் தூங்குகிறார். அவள் உள்ளே இருக்கிறாள். விரலால் தள்ளினால் தாள் விழுந்துவிடும், அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிடலாம், பார்த்து எழுதியும்விடலாம். கதவையே தள்ளலாம், தடுக்க ஒன்றுமில்லை. மணி நான்கு இருபத்தெட்டு.

தட்டினேன்.

"பூட்டுதான் இல்லையே, எதுக்குத் தட்டுற?"

"உள்ள வரலாமா?"

"வா" என்றாள்.

வாசகரே, நீங்கள் இங்கேயே நில்லுங்கள். அந்த ஒரு வரியை உங்களிடம் முதலில் சொல்லிவிட்டதே தப்பு. அவள் என்ன பதில் எழுதப்போகிறாள், நான் எந்த ஊர்ச் சாப்பாட்டு மேசையில் உட்காரப்போகிறேன் என்பதை உங்களுக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்ளுங்கள். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். சாத்துவதோடு சரி.